விதிகள் யாருக்காக? அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுறு கணிதப் பாடம் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்கக் கல்லூரிகளில் பருவத்தின் முதல் வகுப்பிலேயே சிலபஸ் மாணவர் கைக்கு வந்துவிடும். எந்த வாரம் என்ன பாடம் என்பதோடு அது நிற்பதில்லை. எத்தனை தேர்வுகள், எதற்கு எத்தனை சதவீதம், வீட்டுப்பாடம் தாமதமானால் என்ன, வகுப்புக்கு வராவிட்டால் மதிப்பெண் குறையுமா, எந்தக் கால்குலேட்டரைக் கொண்டுவரலாம், நண்பரோடு சேர்ந்து கணக்குப் போடலாமா, பாடத்தை விட்டு விலகக் கடைசி நாள் எது என எல்லாம் அதில் இருக்கும். பருவத்தின் நடுவே ஆசிரியருக்கும் மாணவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், பெரும்பாலும் அந்த ஆவணத்தில் எழுதியிருப்பதே முடிவு.

அத்தகைய விதிகளை ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அங்கே ‘ஃபைனைட் மேத்தமேடிக்ஸ்’ என்ற பெயரில் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தப்படும் முடிவுறு கணிதமே அந்தப் பாடம். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் அல்லர். வணிகம், உளவியல், சமூகவியல் போன்ற துறைகளுக்குப் போகிறவர்கள். பலருக்கு வாழ்க்கையின் கடைசிக் கணித வகுப்பே இதுதான். இங்கே விதிகள் தவறாக அமைந்தால், அதன் விளைவை இன்னொரு வகுப்பில் சரிசெய்துகொள்ள வாய்ப்பில்லை. சிலருக்குப் பட்டமே கைநழுவிப் போகும்.

இந்த விதிகளை எடைபோட ஓர் உரைகல் போதும் என்பது என் கருத்து. மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை, திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே, அவருக்கும் ஆசிரியருக்கும் அந்த விதி காட்டித் தருகிறதா? காட்டித் தந்தால் அது கற்பிக்கும் விதி. எல்லாம் முடிந்த பிறகுதான் காட்டும் என்றால், அதனால் மாணவருக்குப் பயன் ஏதும் இல்லை.

பாடம் வந்த வழி

1950-களில் அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டுக் கணிதம் என்றால் இயற்கணிதம், முக்கோணவியல், அதைத் தொடர்ந்து நுண்கணிதம் என்ற பாதைதான் பெருவழக்கு. இயற்பியலும் பொறியியலும் படிப்பவர்களுக்காகப் போடப்பட்ட பாதை அது. சமூகவியலோ உயிரியலோ படிக்கும் மாணவருக்கு அதில் கிடைத்தது குறைவு.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கெமெனி, லாரி ஸ்னெல், ஜெரால்டு தாம்ப்சன் ஆகிய மூவரும் 1957-இல் ‘இன்ட்ரொடக்‌ஷன் டு ஃபைனைட் மேத்தமேடிக்ஸ்’ என்ற பாடநூலை வெளியிட்டார்கள். தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு, அணிகள், நேரியல் திட்டமிடல், ஆட்டக் கோட்பாடு ஆகியவை அதன் உள்ளடக்கம். எல்லை, வகையீடு, தொகையீடு எதுவும் வேண்டாம். பள்ளி இயற்கணிதம் போதும். ஆனாலும் அது பழைய சரக்கு அன்று. ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ஃபான் நாய்மன், மார்கன்ஸ்டெர்ன் நூல் வெளிவந்தது 1944-இல். நேரியல் திட்டமிடலுக்கான சிம்ப்ளெக்ஸ் முறையை ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கியது 1947-இல். அன்றைக்குப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத கணிதத்தை அவர்கள் முதலாண்டு மாணவர் முன் வைத்தார்கள்.

கெமெனியின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள அவருடைய இன்னொரு பணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1926-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஐன்ஸ்டைனிடம் உதவியாளராக இருந்தவர். 1964-இல் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கினார். அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அந்த மொழியின் குறிக்கோள். முடிவுறு கணிதத்திலும் இதே எண்ணம்தான் வேலை செய்தது: நுண்கணிதத்தின் வழியே வராதவருக்கும் உயிருள்ள கணிதம் கிடைக்க வேண்டும்.

1962-இல் இதே குழுவினர் ஆர்த்தர் ஷ்லெய்ஃபரையும் சேர்த்துக்கொண்டு வணிகப் பயன்பாடுகளை மையமாக வைத்து ஒரு நூல் எழுதினார்கள். அடுத்த பல ஆண்டுகளில் பாடம் வணிகக் கல்வியை நோக்கி நகர்ந்தது. கூட்டு வட்டி, தவணைத் தொகை, கடன் அடைப்பு ஆகியவை பல கல்லூரிகளில் தனி அத்தியாயங்களாயின. தர்க்கம் பல இடங்களில் சுருங்கியது.

தமிழ்நாட்டுப் பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தெரியாது. அணிகள், நேரியல் திட்டமிடல், உள்ளீடு–வெளியீடு பகுப்பாய்வு, நிலைமாற்ற நிகழ்தகவு எல்லாம் அதிலும் உண்டு. உள்ளடக்கத்தில் இவ்வளவு நெருக்கம் இருந்தாலும், பாடத்தை நடத்தும் விதிகளில் இரு நாடுகளுக்கும் தூரம் அதிகம்.

மாணவரிடம் எதிர்பார்ப்பது என்ன

விதிகளுக்குள் போகுமுன், இந்தப் பாடம் எந்தத் திறனை வளர்க்கப் பார்க்கிறது என்பது தெளிவாக வேண்டும். ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 10 சதவீதத்தினருக்கும் ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்லும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று முடிவு வந்தால் அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலோர் 90 சதவீதம் என்பார்கள். 1,000 பேரை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் விடை வேறு. நோயாளிகள் 10 பேர். அவர்களில் 9 பேருக்கு முடிவு ‘இருக்கிறது’ என வரும். நோயற்ற 990 பேரில் 99 பேருக்கும் அப்படியே வரும். ஆக, அந்த முடிவு வந்த 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு.

இதில் கணக்கீடு எளிது. கேள்வியில் உள்ள சொற்களைப் பிரித்து, எது எதன் பங்கு என்று நிறுத்துவதுதான் கடினம். முடிவுறு கணிதத்தின் பெரும்பாலான அத்தியாயங்கள் இப்படித்தான்: வாக்கியத்திலிருந்து கணிதத்துக்குப் போவதில் கடினம், அதன் பிறகு ஓரளவு நேர்வழி. ஆகவே இங்கே மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டியது சூத்திர மனப்பாடமல்ல, இந்த மாற்றும் திறன். தேர்வு, வீட்டுப்பாடம், கால்குலேட்டர் பற்றிய விதிகளெல்லாம் இதற்கு உதவுகின்றனவா என்றே கேட்க வேண்டும்.

இன்னொரு தன்மையையும் கவனிக்க வேண்டும். நுண்கணிதத்தில் ஒரு படி வழுக்கினால் அடுத்த படியிலேயே தெரிந்துவிடும். இங்கே அத்தியாயங்கள் பெரும்பாலும் தனித்தனியானவை. எண்ணும் முறைகளில் தடுமாறியவர் அடுத்து வரும் அணிகளில் நன்றாகச் செய்யலாம். குறை மறைந்தே கிடந்து, நிகழ்தகவு வரும்போது முழுவதுமாக வெளிப்படும். அதனால்தான் முன்கூட்டியே காட்டும் விதிகள் வேறெந்தப் பாடத்தையும்விட இங்கே அதிகம் தேவைப்படுகின்றன.

யார் உள்ளே வரலாம்

முதல் விதி நுழைவுத் தகுதி. நீண்ட காலம் அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு நிலைப்படுத்தும் தேர்வு வைத்து, இயற்கணிதம் போதாதவர்களைக் கிரெடிட் இல்லாத அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்பின. சிலர் அப்படி இரண்டு மூன்று பருவங்களைக் கழித்த பிறகே கல்லூரிக் கணிதத்துக்கு வந்தார்கள். வராமலே போனவர்கள் ஏராளம்.

2013-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் ஒரு சோதனை நடந்தது. அடிப்படை இயற்கணிதம் தேவை என்று கணிக்கப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவு அடிப்படை இயற்கணித வகுப்புக்குப் போனது. 39 சதவீதத்தினர் தேறினார்கள். இரண்டாம் பிரிவுக்கு அதோடு வாராந்தரப் பயிற்சி வகுப்பும் தரப்பட்டது, 45 சதவீதம். மூன்றாம் பிரிவு நேராகக் கல்லூரி நிலைப் புள்ளியியலுக்கு அனுப்பப்பட்டு, கூடவே பயிற்சி வகுப்பும் பெற்றது, 56 சதவீதம். மேல்நிலைப் பாடத்துக்கு நேரே போனவர்களே அதிகம் தேறினார்கள்.

இத்தகைய சான்றுகளின் பின்னணியில் கலிபோர்னியா 2017-இல் ஏபி 705 என்ற சட்டத்தை இயற்றியது. சமுதாயக் கல்லூரிகள் மாணவர்களின் பள்ளி மதிப்பெண்களைக் கருத்தில் கொண்டு, ஓராண்டுக்குள் கல்லூரி நிலைக் கணிதத்தை முடிக்கும் வாய்ப்பு மிகும்படி அவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் கிரெடிட் இல்லாத அடிப்படை வகுப்புகளை 2018 இலையுதிர்ப் பருவத்திலிருந்து நிறுத்த ஆணையிட்டது.

முடிவுறு கணிதத்துக்கு இந்த மாற்றம் மிகவும் பொருந்தும். நேர்கோட்டுச் சமன்பாடு, பின்னம், சதவீதம் ஆகியவை உறுதியாக இருந்தால் இந்தப் பாடத்தைத் தொடங்கலாம். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரியாதவரை வெளியே நிறுத்த நியாயமில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டுத் துணை தராமல் விட்டால் அதுவும் அநீதியே. இண்டியானா பல்கலைக்கழகத்தில் எம்118 என்ற எண்ணுடைய முடிவுறு கணிதப் பாடத்தை டி116, டி117 என இரண்டு பருவங்களில் மெதுவாகப் படிக்கும் வழியும் வகுக்கப்பட்டது. அதே உள்ளடக்கம், கூடுதல் காலம். கால அளவை மாணவருக்கேற்ப மாற்றி, தரத்தை அப்படியே காப்பது நல்ல கொள்கை.

நேரமும் வருகையும்

அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும், ஏறத்தாழ 15 வாரங்களுக்கு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் ஒன்பது மணி நேரம் என்று கணக்கு வருகிறது. நடைமுறை வேறு. முழுநேர மாணவர்கள் வாரத்துக்குப் படிப்புக்காகச் செலவிடும் மொத்த நேரம் 1961-இல் சுமார் 40 மணியாக இருந்து 2003-இல் சுமார் 27 மணியாகக் குறைந்தது என்று பொருளியலாளர்கள் பிலிப் பாப்காக், மிண்டி மார்க்ஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஒன்பது மணி நேரம் என்பது எளிதில் கிடைப்பதல்ல. ஆகவே ‘வாரம் ஒன்பது மணி நேரம் தேவை’ என்று சிலபஸில் ஒரு வரி எழுதினால் மட்டும் போதாது. எந்த நாளில் எந்தக் கணக்கு என்று பிரித்துக் காட்டுவதே உதவி.

வருகைப் பதிவு பற்றி நமக்குப் பழக்கமான விதி 75 சதவீதம். குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அமெரிக்காவில் இப்படிப் பொதுவான விதி கிடையாது. சிலர் வருகைக்கு ஐந்து சதவீதம் தருகிறார்கள். சிலர் கணக்கெடுப்பதே இல்லை. மார்கஸ் கிரெடேயும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்புக்கு வருவதற்கும் மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. ஆனால் வருகையைக் கட்டாயமாக்கும் விதியால் கிடைக்கும் பயன் சிறிதுதான். வரவழைப்பதைவிட, வந்தவர் வகுப்பில் என்ன செய்கிறார் என்பதே முக்கியம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

இதற்குத் துணையாக இன்னொரு தொகுப்பாய்வு இருக்கிறது. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒப்பிட்டார்கள். ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டு, பேசி, விவாதிக்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம். எனவே வருகைக்கென்று தனி மதிப்பெண் தருவதைவிட, ஒவ்வொரு வகுப்பின் இறுதியிலும் ஒரு சிறு கணக்கைப் போடவைத்து அதற்கு மதிப்பெண் தருவது மேல். வருகையும் பதிவாகும், யார் எங்கே தடுமாறுகிறார் என்பதும் அன்றே தெரியும்.

வீட்டுப்பாடம்

வீட்டுப்பாடத்தைக் கணினி திருத்தும் காலம் 1990-களிலேயே தொடங்கிவிட்டது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு பைசரும் மைக்கேல் கேஜும் வெப்ஒர்க் என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார்கள். வெப்அசைன், மைமேத்லேப் போன்றவை அதன் பின் பரவின. ஒவ்வொரு மாணவருக்கும் எண்களை மாற்றிக் கொடுப்பதும், விடை சரியா தவறா என்று உடனே சொல்வதும், மறுபடி முயல விடுவதும் இவற்றின் பலம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பாடத்தில் இது பெரிய உதவி.

பலவீனத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். மூன்று மாறிகள் கொண்ட மூன்று சமன்பாடுகளைக் காஸ்–ஜோர்டான் முறையில் தீர்க்கிறார் ஒரு மாணவி. இரண்டாவது வரிசையிலிருந்து முதல் வரிசையின் இரு மடங்கைக் கழிக்கும்போது 3 − (−4) வருகிறது. 7 என்று எழுத வேண்டிய இடத்தில் −1 என்று எழுதிவிடுகிறார். அதற்குப் பின் ஒவ்வொரு படியும் சரி. விடை மட்டும் தவறு. இன்னொரு மாணவருக்கு வேறு கணக்கு: பத்துப் பேரில் மூவர் கொண்ட குழுவை எத்தனை வழிகளில் அமைக்கலாம்? அவர் 10 × 9 × 8 என்று பெருக்கி 720 என்கிறார். தலைவர், செயலர், பொருளாளர் என்று பதவி கொடுத்தால்தான் அது சரி. பதவியில்லாத குழுவில் அதே மூவர் ஆறு முறை எண்ணப்பட்டுவிடுவதால், ஆறால் வகுத்து 120 என்பதே விடை.

மென்பொருளுக்கு இரண்டும் பூஜ்யம். ஆனால் முதலாவது கைத்தவறு. இரண்டாவது கருத்துப் பிழை. முதலாமவருக்குத் தேவை கொஞ்சம் கவனம். இரண்டாமவருக்குத் தேவை ஆசிரியரின் பத்து நிமிடம். இந்த வேறுபாட்டைக் காணக் காகிதத்தில் எழுதிய படிகளை மனிதர் ஒருவர் பார்த்தாக வேண்டும். கணினி வழி வீட்டுப்பாடத்தோடு வாரம் இரண்டு கணக்குகளையாவது கையால் எழுதி வாங்கித் திருத்தும் விதி அதனால் அவசியமாகிறது.

இணையத்திலிருந்து விடையை எடுத்து எழுதும் பழக்கம் இதைச் சிக்கலாக்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்புகளை 11 ஆண்டுகள் கவனித்த ஆர்னால்டு கிளாஸ், வீட்டுப்பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றும் தேர்வில் அதன் பயன் தெரியாத மாணவர்களின் பங்கு 2008-இல் 14 சதவீதத்திலிருந்து 2017-இல் 55 சதவீதமானதாகக் கண்டார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு விடை கிடைப்பது இன்னும் எளிதாகிவிட்டது.

இதற்குத் தீர்வாகச் சிலர் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் ஏற்கனவே நேரமில்லாதவர்கள் அதைத்தான் முதலில் கைவிடுவார்கள். மொத்தத்தில் பத்து சதவீதம் அளவுக்கு வைத்து, அதே வகைக் கணக்கில் ஒன்றை அடுத்த வாரச் சிறுதேர்வில் கேட்டால் போதும். பார்த்து எழுதியவருக்குத் தான் கற்கவில்லை என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

தேர்வும் கால்குலேட்டரும்

நினைவிலிருந்து மீட்டு எழுதிப் பார்ப்பது மறுபடி படிப்பதைவிட நீண்ட நாள் நிலைக்கும் என்று ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தங்களையே சோதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஆகவே இரண்டு பெரிய தேர்வுகளை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, வாரந்தோறும் பதினைந்து நிமிடச் சிறுதேர்வு வைப்பது நல்லது. அதில் பழைய அத்தியாயத்திலிருந்து ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும். அத்தியாயங்கள் ஒட்டாமல் நிற்கும் இந்தப் பாடத்தில் அவற்றைக் கட்டிச் சேர்க்கும் வழி அதுவே.

கால்குலேட்டர் பற்றிய சர்ச்சை பழையது. டிஐ-83, டிஐ-84 வகைக் கருவிகளில் அணியை உள்ளிட்டு ஒரு கட்டளை கொடுத்தால் காஸ்–ஜோர்டான் முடிவு நொடியில் வந்துவிடும். கடன் தவணையும் அப்படியே. முழுத் தடை, முழு அனுமதி இரண்டிலும் குறை உண்டு. தடை செய்தால் 1.005-ஐ 60 முறை பெருக்கும் கணக்கைக் கேட்கவே முடியாது. அனுமதித்தால் வரிசைச் செயல்கள் ஏன் வேலை செய்கின்றன என்பது தெரியாமலே மாணவர் தேறிவிடுவார். தேர்வை இரு பகுதியாக்கி, முதல் பகுதியில் சிறு எண்களுடன் கையால் செய்யவைத்து, இரண்டாம் பகுதியில் கருவியுடன் பெரிய கணக்கைக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்ற தீர்வு.

இரண்டாம் பகுதியில் என்ன கேட்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கடைக்கு வந்தவர்களில் 80 சதவீதத்தினர் அடுத்த வாரமும் அங்கேயே வருகிறார்கள். 20 சதவீதம் போட்டிக் கடைக்குப் போகிறார்கள். போட்டிக் கடைக்காரரிடமிருந்து வாரம் 30 சதவீதம் இங்கே வருகிறார்கள். இதை மார்க்கோவ் சங்கிலியாக எழுதினால், காலப்போக்கில் முதல் கடைக்கு 60, இரண்டாவதற்கு 40 சதவீதம் என்று நிலைபெறும். கருவி அந்த எண்களைத் தரும். அணியைச் சரியாக அமைப்பதும், ‘தொடக்கத்தில் எந்தக் கடையில் எத்தனை பேர் இருந்தாலும் முடிவு இதுதானா, ஏன்?’ என்பதற்கு இரண்டு வாக்கியங்களில் விடை எழுதுவதும் மாணவருடைய வேலை.

திருத்துவதில் ஸ்டெப் மார்க் கட்டாயம் வேண்டும். நம் பொதுத் தேர்வுகளில் விடைக்குறிப்பு ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் பிரித்துத் தருவது நமக்குப் பழக்கம். அங்கே பெரிய பாடங்களில் ஒரே தேர்வைப் பல பிரிவுகளில் பல பயிற்றுநர்கள் திருத்துகிறார்கள். இந்தியாவிலிருந்து ஆய்வுப் படிப்புக்குச் சென்றவர்களும் அவர்களில் உண்டு. பொது விடைக்குறிப்பு இல்லாவிட்டால் ஒரே பிழைக்கு ஒரு பிரிவில் இரண்டு மதிப்பெண்ணும் இன்னொரு பிரிவில் ஆறும் போகும்.

மதிப்பெண் கூட்டல்

ஆசிரியர்கள் பலர் இன்னும் வகுப்பின் சராசரியை வைத்துத் தரத்தை நிர்ணயிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் குறைவாக வாங்கினால் என் தரம் உயரும் என்ற நிலை அது. கூடிப் படிக்க அது யாரையும் தூண்டாது. கூடிப் படிப்பதன் பலனோ பெரிது. 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மன், நுண்கணிதம் படித்த மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார். சீன அமெரிக்க மாணவர்களில் பலர் தனியாகவும் உழைத்து, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பெரும்பாலும் தனியாகவே படித்தார்கள். தங்கள் தவறு ஊரறிந்த தவறா, தமக்கு மட்டும் உரியதா என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. கூடிப் படிக்கும் பயிற்சிப் பட்டறைகளை அவர் தொடங்கிய பிறகு முடிவுகள் பெரிதும் மேம்பட்டன.

90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி என்று நிலையான அளவுகோல் வைத்தால் சேர்ந்து படிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எது சேர்ந்து செய்யலாம், எது தனியாகச் செய்ய வேண்டும் என்பதையும் விதி தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘கலந்து பேசலாம், எழுதுவது தனியாக’ என்ற ஒரு வரி பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

குறைந்த சிறுதேர்வு மதிப்பெண்கள் இரண்டை விட்டுவிடுவதும், இறுதித் தேர்வில் நன்றாகச் செய்தால் அதையே குறைந்த இடைத்தேர்வுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதும் பல இடங்களில் உள்ள வழக்கம். இரண்டையும் ஆதரிக்கிறேன். காய்ச்சலுக்கும் பேருந்து தவறியதற்கும் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்க வேண்டியதில்லை. அக்டோபரில் தெரியாததை டிசம்பரில் தெரிந்துகொண்டவருக்கு அது தெரியும் என்றே மதிப்பெண் சொல்ல வேண்டும்.

விலகலும் உரிமைகளும்

குறிப்பிட்ட நாளுக்குள் விலகினால் பட்டியலில் ‘டபிள்யூ’ என்று மட்டும் பதிவாகும், சராசரியைப் பாதிக்காது. அந்த நாளுக்கு முன்பே முதல் பெரிய தேர்வைத் திருத்திக் கையில் கொடுத்துவிட வேண்டும். மிக எளிய இந்த ஏற்பாட்டைச் செய்யாத பாடங்கள் மாணவரைக் கண்ணைக் கட்டி முடிவெடுக்க வைக்கின்றன. எஃப்-1 விசாவில் இளநிலை படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பொதுவாகப் பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது படிக்க வேண்டும் என்பதால், சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் விலகினால் விசா நிலைக்கே ஆபத்து. நம் ஊர்களிலிருந்து போகும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் உரிய ஏற்பாடுகளை உறுதி செய்கின்றன. தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், தனி அறை போன்றவை அவற்றில் அடங்கும். இது ஆசிரியர் காட்டும் கருணை அல்ல, உரிமை. ஆகவே சிலபஸில் கேட்பதற்குத் தயங்காத மொழியில் அது எழுதப்பட வேண்டும். மதிப்பெண் விவரங்கள் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டப்படி மாணவருக்கே உரியவை. பெற்றோர் கேட்டாலும் ஆசிரியர் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் கூடாது. தேர்வு முடிவைக் குடும்பமே கூடிப் பார்த்துப் பழகிய நமக்கு இது விலகலாகத் தோன்றலாம். ஆனால் தன் தடுமாற்றத்தை முதலில் தானே எதிர்கொள்ளும் பொறுப்பை அது மாணவரிடம் தருகிறது.

எப்படி அமைக்கலாம்

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்தால் ஒரு பருவத்தின் சட்டகம் கிடைக்கிறது. வீட்டுப்பாடம் 10 சதவீதம், வகுப்புக் கணக்குகளும் வாராந்தரச் சிறுதேர்வுகளும் 25, மூன்று இடைத்தேர்வுகள் 40, முழுப் பாடத்தையும் தழுவும் இறுதித் தேர்வு 25. முதல் இடைத்தேர்வு நான்காம் வாரத்தில். திருத்திய தாள் ஒரு வாரத்தில் கைக்கு. அதில் 60-க்குக் கீழ் வாங்கியவரை ஆசிரியரே அழைத்துப் பேச வேண்டும். ‘அலுவலக நேரத்தில் வந்து பாருங்கள்’ என்று எழுதிவைப்பதால் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே நன்றாகப் படிப்பவர்கள். வராதவர்களுக்குத்தான் அந்த நேரம் அதிகம் தேவை.

இவற்றில் எதுவும் தரத்தைக் குறைப்பதில்லை. நிபந்தனை நிகழ்தகவு தெரியாதவர் தேறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும் மருத்துவ அறிக்கையை வாசிக்கும்போதும் அவர் தனியாகத்தான் இருப்பார். அங்கே யாரும் ஸ்டெப் மார்க் தரப் போவதில்லை. ஆனால் தெரியவில்லை என்பதை அவரிடம் பருவத்தின் கடைசி நாளில் சொல்வது கல்வியாகாது. நுண்கணிதத்தின் வழியே வராதவருக்கும் கணிதம் உரியது என்று நம்பி 1957-இல் தொடங்கிய பாடம் இது. அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருக்க விரும்பும் துறை, ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் தன் சிலபஸை எடுத்து, ஒவ்வொரு விதியின் எதிரிலும் ஒரு வார எண்ணை எழுதட்டும்: இந்த விதி மாணவரின் குறையை எந்த வாரத்தில் வெளிக்கொண்டுவரும்? பத்தாம் வாரத்துக்கு மேல் எண் வரும் விதிகளையெல்லாம் முன்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்க முடியாதவற்றை நீக்கிவிடலாம்.